அணைக்கு அம்மை போட்ட கதை

ஒரு அணைக்கட்டுக்கு அம்மை வரும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, அது என்னிடமிருந்துதான் தொற்றியது என்று சத்தியமாக நம்பினேன். சுவரின் முகத்தில் குழி குழியாகத் தழும்பு விழுந்தது, இன்ஜினீயர் அதைத் தடவிப் பார்த்து முகம் கறுத்தது, அப்பாவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டது, எல்லாமே என் உடம்பிலிருந்து கிளம்பிய நோயின் வேலை என்று நினைத்து, ஒரு மழைக்காலம் முழுக்க போலீஸ்காரர் தலை தெரிந்தால் சவுக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்தவன் நான். அவர் பாவம், கள்ளச்சாராயப் பானை தேடி வந்தவர். என்னைப் பார்த்து அவரே ஒருமுறை பயந்துபோனார்.

சிரிக்காதீர்கள். நம் வயசுக்காரர்களுக்குச் சிரிக்க யோக்கியதை கிடையாது. புளியங்கொட்டையை முழுங்கிவிட்டு வயிற்றில் மரம் முளைக்கும் என்று அழுதவர்கள்தானே நாமெல்லாம்? நான் கொஞ்சம் பெரிய அளவில் பயந்தேன், அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு வயிறு. எனக்கு ஒரு ஆறு.

அணை என்றதும் இரண்டு மலைக்கு நடுவே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்பதை நினைக்க வேண்டாம். பாலாறு கடலில் போய் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே ஒரு சுவர். மழையில் வருகிற நல்ல தண்ணீர் கடலுக்கு ஓடாமல் நிற்கவும், கடல் தண்ணீர் மேலே ஏறி வயலை உப்பாக்காமல் இருக்கவும். இன்றைக்கு ஸ்டாஃப் பஸ் வரிசை கட்டிப் போகிற கல்பாக்கம் பக்கமெல்லாம் அப்போது சவுக்கு, மணல், நரி. செங்கல்பட்டிலிருந்து லாரி திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு இடம் வரைக்கும் வந்து மூச்சு விட்டுவிடும். அப்புறம் மாட்டு வண்டி. மணலில் சக்கரம் இறங்கினால் வண்டியும் இல்லை, நடை. சிமெண்டுக்கு மட்டும் ராஜ மரியாதை. பக்கிங்காம் கால்வாயில் படகேறி, பாய் விரித்துக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு வரும். படகு வந்து சேரும்போது மூட்டைமேல் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். எனக்கு அந்தக் காக்காமேல் பொறாமை.

நாங்கள் இருந்தது பனையோலைக் கொட்டகை வரிசைகளில். வரிசைக்கு ஒரு கேங்கு. ஜல்லி உடைப்பவர்கள் ஒரு வரிசை, மண் தூக்குபவர்கள் ஒரு வரிசை, பலகை அடிக்கிற ஆசாரிகள் ஒரு வரிசை. எங்கள் வரிசை கம்பி கேங்கு, அப்பா அதற்கு மேஸ்திரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. பலகையால் பெட்டி மாதிரி அடைத்து, அதற்குள் கான்கிரீட் கலவையைக் கொட்டுவார்கள். கொட்டினால் போதாது. ஆட்கள் உள்ளே இறங்கி நின்று, ஆளுயர இரும்புக் கம்பியால் அதைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது அதற்கு மிஷின் இருக்கிறது. அப்போது எங்கள் அப்பா இருந்தார்.

"குத்தலன்னா காத்து உள்ளயே குந்திக்கும்டா நைனா. அத்தத் தொரத்தணும். அப்பதான் செவுரு செவுரா நிக்கும்" என்பார். சாப்பிடும்போதுகூட அவர் விரல் களியைக் குத்திக்கொண்டே இருக்கும். களிக்குள் காற்று இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் தடவை அந்தப் பள்ளத்தைப் பார்த்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆற்றின் நடுவே மண்ணணை போட்டு, மணலை வாரி வெளியே எறிந்து, ஆற்றுக்கு அடியில் இன்னொரு ஆறு இருக்கும் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு ஊற்றுக்குழி. சுரக்கிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேர, ஒரு எஞ்சின் ராப்பகலாக அதை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருக்கும். கரையில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே நடப்பவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள் என்று எழுதத்தான் ஆசை. தெரியவில்லை. அம்மா அம்மாவாகவேதான் தெரிந்தாள். தலையில் மண் சுமக்கும் இரும்புப் பாண்டு, இடுப்பில் சொருகிய சேலை, வாயில் வெற்றிலை. ஆனால் அவளைச் சுற்றியிருந்தது எல்லாம் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஒரு ஆற்றை வெளியே போகச் சொல்லிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் அதன் வீட்டில் சுவர் எழுப்புகிறார்கள் என்று புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றுக்கும் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் அனுபவித்தேன்.

கான்கிரீட் போடுகிற நாள் என்றால் திருவிழா கெட்டது. கலவை மிஷின் விடியலில் உறுமத் தொடங்கும். அதை ஓட்டுபவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர். எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். மிஷினின் வயிறு சுழல, பாய் அதன் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருப்பார். பெண்கள் வரிசையாக நிற்க, கலவைப் பாண்டு தலையிலிருந்து தலைக்குத் தாவித் தாவிச் சுவர்மேல் ஏறும். அங்கே அப்பா விசில் ஊதுவார். பித்தளை விசில், கறுப்புக் கயிறு. அத்தனை கம்பியும் ஒன்றாகத் தூக்கி ஒன்றாக இறங்கும். தும். தும். தரையில் காது வைத்தால் எங்கள் கொட்டகை வரைக்கும் கேட்கும். அந்த விசில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் போகவில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய அதிசயம், சுவருக்குக் காய்ச்சல் அடிக்கும் என்பது. பலகை பிரித்த புதுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கதகதவென்றிருக்கும். அதனால்தான் அதற்கு ஈரச் சாக்கு போர்த்துகிறார்கள் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். பெண்கள் பகலெல்லாம் குடம் குடமாக அந்தச் சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருக்கும். "இன்னும் கேக்குதுடி" என்பாள் அம்மா, பக்கத்திலிருப்பவளிடம், பசுமாட்டைச் சொல்வது மாதிரி. உயிர் இல்லாததற்கா இவ்வளவு உபசாரம்? நீங்களே சொல்லுங்கள்.

இந்த நிலைமையில்தான் எனக்கு அம்மை போட்டது.

சின்னம்மைதான். ஆனால் முத்து கிளம்புகிற நேரத்தில் அது சின்னதா பெரிசா என்று யாருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் பெரியம்மை என்ற பேச்சே ஆளைக் கொன்றுவிடும். அதற்கு முந்தின மாசம்தான் ஜல்லிக்காரர்கள் வரிசையில் ஒரு குழந்தைக்குக் கண்டது. சுகாதார ஆள் வந்து பார்த்தார். மறுநாள் அந்த வரிசை முழுக்க, நோய் வந்தவர் வராதவர் எல்லாரையும் வண்டியேற்றி வெளியே அனுப்பிவிட்டு, கொட்டகைகளைக் கொளுத்தினார்கள். ஓலை எரிந்த வாசனை ரொம்ப நாள் போகவில்லை. அம்மை வந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் வரிசையே காலி. அதுதான் காம்ப்பு சட்டம்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் கொட்டகையில் கேங்கு ஆட்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்தார்கள். நான் பாயில் கிடந்தேன்.

"அனுப்பிட்டான்னா எங்க போறது? ஊர்ல இன்னா வெச்சிருக்கோம்?" என்றார் ஒருத்தர்.

"ஆத்தா வந்துகீறா. கூப்ட்டு மரியாத பண்ணி அனுப்புவோம். வெளிய எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அம்மா.

அப்பா எல்லாரையும் பார்த்தார். "எம் புள்ளைக்காவ நீங்க மாட்டிக்கக் கூடாது."

"மேஸ்திரி, நீ வாய மூடு" என்றார் அந்த ஒருத்தரே.

அப்படித்தான் என்னை ஒளித்து வைத்தார்கள். வேப்பிலையை வாசலில் செருகாமல் உள்ளே, என் தலைமாட்டில் கட்டினார்கள். அம்மை இருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. எங்கள் வரிசை முழுக்க அடுப்பில் கருவாடு போடவில்லை. அதுதான் எங்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

கொட்டகைப் பக்கம் வந்த பாய் மூக்கை உறிஞ்சினார். "இன்னா மேஸ்திரி, ஒங்க லைன்ல கருவாட்டு வாசனையே காணோம்? எல்லாரும் சாமியாரா பூட்டீங்களா?"

பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். என்னையும் வேப்பிலையையும் பார்த்தார்.

"எனுக்கு ஒண்ணியும் தெரியாது அண்ணாத்த. மிஷின் சத்தத்துல எனுக்குக் கண்ணே போச்சு" என்றார்.

"காதுதான பாய் போவும்?"

"எனுக்குக் கண்ணு." மறுநாள் இளநீர்க் குலை ஒன்று வாசலில் கிடந்தது. யார் வைத்தார் என்று கேட்டால் கண்ணே போச்சு என்பாரே!

என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை அக்காவுக்கு. என்னைவிட மூன்று வயசு மூத்தவள். நான் சொறியப் போனால் வேப்பங்கொத்தால் கையில் ஒரு அடி. அம்மனுக்குச் செய்யும் சேவை என்ற பேரில் அந்தப் பெண் தன் பழைய கணக்கையெல்லாம் தீர்த்துக்கொண்டாள்.

காய்ச்சல் ஏறியிருந்த ஒரு மத்தியானம். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது, அன்றைக்குக் கான்கிரீட். தும், தும் என்று தரை சொன்னது. ஓலைக்குள் அடுப்பு மாதிரி சூடு. உடம்பெல்லாம் தினவு. அக்கா வேப்பிலை ஒடிக்கப் போயிருந்தாள். எனக்குத் திடீரென்று ஒரே நினைப்பு, ஈரச் சாக்கு. எழுந்து நடந்தேன்.

யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் மேலே, புதுச் சுவர்ப் பெட்டியில். நான் அதை ஒட்டினாற்போல் நின்ற பழைய சுவரடிக்குப் போனேன். ஒரு வாரத்துக்கு முன்னால் போட்டது, தலையிலிருந்து கால்வரை ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. சாக்கைத் தூக்கிச் சுவருக்கும் சாக்குக்கும் நடுவே புகுந்துகொண்டேன். அடடா. முதுகில் ஈரச் சாக்கின் குளிர்ச்சி. கன்னத்தில் சுவரின் கதகதப்பு. அதற்கும் காய்ச்சல், எனக்கும் காய்ச்சல். சிமெண்டும் சணலும் கலந்த அந்த வாசனை எந்த அத்தரிலும் இல்லை. "ஒனக்கும் ஒடம்பு சரியில்லயா?" என்று அதனிடம் கேட்டதாகவே ஞாபகம். சுவரைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. கண் விழித்தபோது பாயில் கிடந்தேன். அக்கா பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்து. கேட்டதற்குப் பேசவில்லை. அடிக்கவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. என் கணுக்கால் சுண்ணாம்பு பட்ட மாதிரி எரிந்தது. பார்த்தால், சிமெண்டுக் கலவை காய்ந்து ஒட்டியிருந்தது. நாலு விரல், ஒரு கட்டைவிரல். தெள்ளத் தெளிவான கை.

சுவர் என்னைப் பிடித்திருக்கிறது! போகாதே என்று காலைப் பிடித்திருக்கிறது! அக்கா ஈரத்துணியால் அதைத் தேய்த்து எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் அம்மன் வேறு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

முத்து இறங்கியது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரை மூன்றாம் முறையும் என் தலையில் ஊற்றினார்கள். வரிசையில் கருவாட்டு வாசனை திரும்பி வந்தது. ஆளாளுக்கு முகத்தில் ஒரு தெளிச்சி. தப்பித்துவிட்டோம்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் புதுச் சுவரின் பலகையைப் பிரித்தார்கள்.

ஆசாரி கடைசிப் பலகையை நெம்பி இழுத்தார். சுவரின் நடுவே, ஒரு ஆள் கையை விரித்துப் படுக்கும் அகலத்துக்கு, குழி. சின்னதும் பெரிசுமாக நெருக்கமான குழி. ஜல்லிக் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அப்பா கிட்டே போய் ஒரு குழிக்குள் விரலை விட்டார். எடுத்தார். இன்னொன்றில் விட்டார்.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மொகமெல்லாம் அம்மத் தழும்பாட்டம் கீதே."

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழைய சுவரைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அதை ஒட்டி நிற்கிறது புதுச் சுவர். பக்கத்து வீட்டுக்குத் தொற்றாமல் இருக்குமா? காய்ச்சல் இருந்தது, சாக்கு போர்த்தியிருந்தது, தண்ணீர் ஊற்றினார்கள், தழும்பும் வந்துவிட்டது. ஒரு டாக்டர்கூட இவ்வளவு நன்றாகக் கோத்துச் சொல்ல முடியாது. அப்பாவின் கேங்கு சரியாகக் குத்தவில்லை என்று நினைக்கலாம்தான். ஆனால் களியில்கூடக் காற்றை விடாத மனுஷன், கலவையில் விடுவாரா? அதனால் அம்மைதான். வேறு வழியே இல்லை.

சரி, வந்துவிட்டது. குணப்படுத்த வேண்டாமா? மறுநாள் விடியலில், யாரும் எழுந்திருக்கும் முன்னால், மிச்சமிருந்த வேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டு, அம்மாவின் மஞ்சள் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். கைக்கு எட்டின குழி ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவி வேப்பிலை செருகினேன். எட்டாததற்கு ஒரு கல்லை உருட்டிப் போட்டு ஏறினேன். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், சுவர் அவ்வளவு லட்சணமாக இருந்தது. நாம் ஒரு அணையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதற்கப்புறம் என் நெஞ்சு அந்த அளவுக்கு நிமிர்ந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

இன்ஜினீயர் வந்தார். இளவயசு, காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு சின்னச் சுத்தியல். அதைக்கொண்டு சுவரைத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். வைத்தியர் வந்துவிட்டார் என்று நான் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் வேப்பிலையைப் பார்த்தார். ஒன்றைப் பிடுங்கினார். குழியைப் பார்த்தார். சுத்தியலால் தட்டினார். பொத்தென்று கேட்டது.

"மேஸ்திரி, என்ன இது?"

அப்பா தலை குனிந்து நின்றார்.

"இதுல கம்பியே இறங்கல. நான் டென்ட்டுல உக்காந்து மிஷின் சத்தம் ஓடிட்டே இருக்கு, வேலை நடக்குதுன்னு நினைச்சிட்டிருக்கேன். இங்க யாரும் குத்தவே இல்ல. வேலையைக் கெடுத்துட்டு வேப்பிலை சொருகினா மூடிக்குமா? யார் சொருகினது?"

கேங்கு ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்பா வேப்பிலையைப் பார்த்தார். அதன் மட்டத்தைப் பார்த்தார். கீழே கிடந்த கல்லைப் பார்த்தார். அப்புறம் அவர் கண் நேராக ஜல்லிக் குவியலுக்கு வந்தது. நான் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க சொருகினேன். செவுத்துக்குக் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு."

"கண்ணா? ஆத்துல தண்ணி வர்ற நேரம். இது உடைஞ்சா கீழ இருக்கிற ஊர் இருக்குமா? ஏன் குத்தல? குடிச்சிருந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப ஏன்?"

பாய் மிஷின் பக்கத்திலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பாய் நின்றுவிட்டார்.

"கை அசந்துட்டோங்க" என்றார் அப்பா. "கேங்கு மேல தப்பு இல்லீங்க. நான் விசிலு ஊதல. அதான்."

இன்ஜினீயர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். கெட்ட மனுஷன் இல்லை அவர். எனக்கு பெப்பர்மின்ட் கொடுத்திருக்கிறார். "விசிலைக் கொடு" என்றார். அப்பா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். "இனிமே நீ சுவர்மேல ஏறக் கூடாது. ஜல்லிக் களத்துக்குப் போ."

மற்றவர்கள் அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, புதுக் கலவை திணித்து அடைத்தார்கள். கம்பியால் ஓயாமல் குத்தினார்கள். அப்பா தூரத்தில் கல் உடைத்தார். கல் தூசியில் இமை மயிரெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். தும் என்ற சத்தம் வரும்போதெல்லாம் அவர் சம்மட்டி ஒரு நொடி நிற்கும். அப்புறம் விழும்.

அவரை ஏன் தனியாக அனுப்பினார்கள் என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மை வந்த வீட்டுக்காரர், அதனால் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு அவரை விட்டுவிடுவார்கள். ஆனால் ஒரு அணைக்கு நோய் கொடுத்தவனுக்கு என்ன தண்டனை? தூக்கா? செங்கல்பட்டு ஜெயிலா? யோசித்து யோசித்து எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கடைசியில் பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

பாய் சிரித்தார். மிஷின்மேல் கை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "டேய் நைனா, செவுத்துக்கு அம்மை வருமாடா? நீ கட்டிப் புடிச்சதாலயா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். என் தலையில் கை வைத்தார். "போடா, போயி வெளாடு. ஒன்னால ஒண்ணியும் ஆவல" என்று சொல்லிவிட்டு, ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விடப் போனார். சிரித்த மனுஷன் ஏன் நிறுத்தினார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இவருக்கும் தொற்றிவிடும் என்று பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மழை பிடித்தது. மேலே எங்கெங்கோ பெய்து, ஒரு காலையில் ஆறு திரும்பி வந்தது.

அதை எப்படிச் சொல்வது? சத்தம்தான் முதலில். கடல் இருக்கும் திசையிலிருந்து எப்போதும் ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும், அது பழகினது. இது எதிர்த் திசையிலிருந்து வந்தது. காம்ப்பு முழுக்கக் கரையில் நின்றது. கூழ்ப்பானையோடு, குழந்தையோடு, மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. மணல் முதலில் கறுத்தது. அப்புறம் மணலே நடந்து வருவது மாதிரி, செம்மண் நிறத்தில், மரக்கிளையும் நுரையும் செத்த ஆடும் சுமந்துகொண்டு வந்தது. வந்து சுவரில் இடித்தது. எங்கள் காலுக்கடியில் கரை அதிர்ந்தது. ஏறியது, ஏறியது, சுவரின் உச்சிக்கு வந்து, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே பட்டாக மறுபக்கம் வழிந்தது. இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். என் அம்மா, தினம் குடம் குடமாக அதற்கு ஊற்றியவள், "இப்பக் குடிடி" என்றாள். நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. கையால் இவ்வளவு செய்ய முடியுமா? தலையால் தூக்கி, கம்பியால் குத்தி, இந்த மனுஷர்கள் ஒரு ஆற்றை நிறுத்திவிட்டார்களா?

அப்பா கூட்டத்தில் இல்லை. ஜல்லிக் களத்து மேட்டில் தனியாக நின்றார். எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர் சுவரில் ஒரு இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அடைத்த இடம். அது பிடித்து நின்றது. தண்ணீர் வழிந்து அது மறைந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

காம்ப்பைக் கலைத்தார்கள். ஆளாளுக்கு ஒரு திசை. அப்பாவுக்கு அப்புறம் எங்கேயும் மேஸ்திரி வேலை கிடைக்கவில்லை, கூலியாகவே இருந்தார். நான் படித்து, உத்தியோகம் பார்த்து, கல்யாண வீட்டுக் கோமாளியானேன். அணைக்கு அம்மை போட்ட கதைதான் என் பெரிய சரக்கு. எந்த விசேஷத்திலும் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள், நான் ஆரம்பித்துவிடுவேன். சுவர் என் காலைப் பிடித்த இடத்தில் கைதட்டலே விழும். அப்பா இருந்தவரை அவரும் உட்கார்ந்து கேட்பார். பல்லில்லாத வாயால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அப்பாவையே சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அவர் போய் ஒரு வருஷம் கழித்து, ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டில் பேரப்பிள்ளைக்குக் காது குத்தினார்கள். பந்தி முடிந்து நான் கதையை ஆரம்பித்தேன். விரலை விரித்துக் கணுக்காலைக் காட்டி, "தெள்ளத் தெளிவான கை!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"போதும்டா" என்றாள். "நைனா இருக்கற வரிக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. அவன் சிரிச்சிகினு சொல்றான், அப்படியே சொல்லட்டும், நீ கெடுக்காதன்னாரு. இப்ப அவரும் இல்ல. இன்னும் எத்தினி நாளு நான் வாய மூடிகினு குந்தியிருக்கறது?"

அவள் சொன்னது இதுதான்.

வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தவள் பாயில் என்னைக் காணவில்லை. ஓடிப்போய்ச் சுவரடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். காய்ச்சலில் எழுந்து போன பிள்ளை ஊற்றுக்குழியில் விழுந்திருப்பான் என்று நினைத்து, மேலே நின்ற கேங்கு அத்தனை பேரும் கம்பியைப் போட்டுவிட்டுக் குதித்தார்கள். நாலு பேர் குழியில் மூழ்கித் தேடினார்கள். மற்றவர்கள் ஆற்றுமணலில் என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மிஷின் நின்றால் இன்ஜினீயர் வெளியே வந்து கேட்பார், அம்மை தெரிந்துவிடும், வரிசையே போய்விடும். அதனால் பாய் மிஷினை நிறுத்தவில்லை. கலவை கொட்டிக்கொண்டே இருந்தது. குத்துவதற்கு மேலே ஒருத்தரும் இல்லை; அவர்கள் திரும்பி ஏறுவதற்குள் அது இறுகிவிட்டது. சாக்குக்குக் கீழே என் பாதம் நீட்டிக்கொண்டிருந்ததை அக்காதான் பார்த்தாள். அவள் கத்தினதும் அப்பா ஓடி வந்து, நான் செத்துக் கிடக்கிறேன் என்று நினைத்து, கலவை ஈரம் காயாத கையோடு என் கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.